குறையைச் சொல்ல அஞ்சாத தொழிற்கூடம்: வாசகர் கேள்வி பதில்

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில், தொழிற்கூட நிர்வாகம் பற்றிய நான்கு கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறேன். எழுதியவர்களின் விருப்பப்படி பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி: வாகன உதிரிபாகங்களுக்குக் கடைசல் வேலை செய்து தருகிறோம். கடன் வாங்கி, கணினிக் கட்டுப்பாட்டில் ஓடும் புதிய சி.என்.சி. மெஷின் போட்டும் உற்பத்தி எதிர்பார்த்த அளவு கூடவில்லை. ஆட்கள் சரியில்லை என்றே நினைக்கிறேன். என்ன செய்யலாம்?
– சிறுதொழில் உரிமையாளர், ஓசூர்

ஆட்களைப் பற்றி முடிவுக்கு வருவதற்கு முன், ஒரு வாரத்துக்கு ஒவ்வொரு மெஷின் அருகிலும் ஒரு தாளைத் தொங்கவிடுங்கள். மெஷின் எப்போது நின்றது, மறுபடி எப்போது ஓடியது, எதனால் நின்றது என்ற மூன்றை மட்டும் ஆபரேட்டரே அதில் எழுதட்டும். அந்தத் தாளை வைத்து யாரையும் கேள்வி கேட்க மாட்டேன் என்று முதல் நாளே எல்லோரையும் கூட்டிச் சொல்லிவிடுங்கள். அந்த உறுதி இல்லாமல் எழுதப்படும் தாளில் உண்மை இருக்காது.

உங்களைப் போன்ற பட்டறைகளில் இந்தத் தாள் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்லும். ஷிஃப்ட் மாறியதும் ஆபரேட்டர் முதல் பீஸை ஓட்டி, அளவு பார்ப்பதற்காக இன்ஸ்பெக்‌ஷன் மேசையில் வைத்துவிட்டுக் காத்திருப்பார். இன்ஸ்பெக்டரோ அதே நேரத்தில் அனுப்ப வேண்டிய சரக்குக்கு ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருப்பார். உலோகத்தைச் சீவும் முனையான இன்சர்ட் தேய்ந்திருக்கும், ஸ்டோர் சாவி வீட்டுக்குப் போன ஒருவரிடம் இருக்கும். ஒரு ஜாப்பிலிருந்து இன்னொரு ஜாப்புக்கு மாற்ற செட்டிங் தெரிந்தவர் ஒருவர் மட்டுமே இருப்பார், அவரும் அன்று விடுப்பில் இருப்பார். இவற்றில் எதையும் ஆபரேட்டரால் தீர்க்க முடியாது. எல்லாமே உங்கள் மேசையில் முடிவாக வேண்டியவை.

இதை நான் அனுமானமாகச் சொல்லவில்லை. மும்பைக்கு அருகே 17 நிறுவனங்களுக்குச் சொந்தமான நெசவாலைகளில், நிக்கோலஸ் ப்ளூம் உள்ளிட்ட பொருளியலாளர்கள் ஒரு சோதனை நடத்தி, அதன் முடிவுகளை 2013இல் வெளியிட்டார்கள். சில ஆலைகளுக்கு மட்டும் ஆலோசகர்களை இலவசமாக அனுப்பி, துணியில் விழும் குறைகளைத் தினமும் பதிவது, மெஷின்களை முறைப்படி பராமரிப்பது, நூல் இருப்பை வகைப்படுத்தி வைப்பது போன்ற 38 நடைமுறைகளைக் கற்றுத்தரச் செய்தார்கள். முதல் ஆண்டிலேயே அந்த ஆலைகளின் உற்பத்தித்திறன் மற்ற ஆலைகளைவிட 17 சதவீதம் உயர்ந்தது. பல ஆண்டுகள் கழித்து அதே ஆலைகளுக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தபோது, கற்றுத்தந்த நடைமுறைகளில் ஏறக்குறையப் பாதி கைவிடப்பட்டிருந்தது. மேலாளர்கள் மாறியதும், உரிமையாளர்களுக்கு நேரம் இல்லாமல் போனதுமே அதற்கு முக்கியக் காரணங்களாகச் சொல்லப்பட்டன. ஆகவே, தாளைத் தொங்கவிட்டால் மட்டும் போதாது. தினமும் காலையில் கால் மணி நேரம் ஒதுக்கி, அதைத் தொழிற்கூடத்தில் நின்றபடி நீங்களே படிக்க வேண்டும். முந்தைய நாள் எழுதப்பட்ட ஒரு தடையையாவது அன்று மாலைக்குள் நீக்கிக் காட்டுங்கள். எழுதினால் பலன் உண்டு என்று தெரிந்தால், அடுத்த வாரம் இன்னும் நேர்மையாக எழுதுவார்கள்.

கேள்வி: ரிஜெக்‌ஷன் ஆன பீஸ்களை ஆபரேட்டர்கள் மறைத்துவிடுகிறார்கள். அபராதம் போட்டும் குறையவில்லை. இன்னும் கடுமையாக நடந்துகொள்ள வேண்டுமா?
– சூப்பர்வைசர், சூளகிரி

அபராதம் போடுவதால்தான் மறைக்கிறார்கள். கெட்டுப்போன பீஸைக் காட்டினால் கூலி குறையும், மறைத்தால் குறையாது என்னும் நிலையில், மாதக் கடைசியில் கடனடைக்க வேண்டிய ஒருவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. காலையில் பத்தாவது பீஸில் அளவு விலகியதை அப்போதே சொல்லியிருந்தால் நட்டம் ஒரு பீஸோடு நின்றிருக்கும். மதியம் வரை மறைந்திருந்தால் அந்த லாட் முழுவதையும் பிரித்துச் சோதிக்க வேண்டிவரும், சில வேளைகளில் வாடிக்கையாளரின் அசெம்பிளி லைன் வரை போய்த் திரும்பி வரும்.

ஜப்பானில் சகிச்சி டொயோடா, நூல் அறுந்தால் தானே நின்றுவிடும் தறியை உருவாக்கினார். பின்னர் டொயோட்டா கார் ஆலைகளில் அந்தக் கருத்து மனிதர்களுக்கும் விரிந்தது: குறையைக் கண்ட எந்தத் தொழிலாளியும் தலைக்கு மேலுள்ள கயிற்றை இழுக்கலாம், குழுத் தலைவர் உடனே ஓடிவந்து உதவுவார், அப்போதும் தீராவிட்டால் லைன் நிற்கும். தரநிர்வாகத்தில் உலகமே மதிக்கும் எட்வர்ட்ஸ் டெமிங், நிர்வாகிகளுக்கு வகுத்த 14 கொள்கைகளில் ஒன்று, பணியிடத்திலிருந்து அச்சத்தை விரட்ட வேண்டும் என்பது. அவர் பெயரால் ஜப்பானில் வழங்கப்படும் விருதை, உங்களுக்குப் பக்கத்திலேயே ஓசூரில் ஆலை நடத்தும் டி.வி.எஸ். மோட்டார் நிறுவனம் 2002இல் பெற்றது. ஆகவே, இது நம் மண்ணுக்கு ஒத்துவராத வெளிநாட்டுச் சங்கதி அன்று.

சட்டத்தையும் நினைவில் வையுங்கள். எந்தச் செயலுக்கு அபராதம் என்பது முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும்; தொழிலாளிக்கு விளக்கம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும்; அபராதத் தொகை அந்தக் கூலிக் காலத்துக்குரிய கூலியில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அபராதத்தை அடியோடு நிறுத்திவிட்டு, கெட்டுப்போன பீஸ்களை வெளிப்படையாகப் போட ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு சிவப்புப் பெட்டி வையுங்கள் என்பதே என் யோசனை. முதல் மாதம் அந்தப் பெட்டி நிரம்பி வழியும், மேலிடத்தில் உங்களைத்தான் கேட்பார்கள். அதனால், இதைத் தொடங்கும் முன்பே உங்கள் மேலாளரிடம் பேசி ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.

கேள்வி: கார்மெண்ட்ஸில் தைக்கிறேன். மணிக்கு இத்தனை பீஸ் என்ற டார்கெட் எட்டாவிட்டால், எல்லோருக்கும் கேட்கும்படி பெயர் சொல்லித் திட்டுகிறார்கள். இப்படித் திட்டினால்தான் பீஸ் வரும் என்கிறார் சூப்பர்வைசர். அது உண்மையா?
– தையல் தொழிலாளி, பாலக்கோடு

உண்மை அன்று, சகோதரி. ஒரு லைனில் எத்தனை பீஸ் வெளியே வரும் என்பதை, அந்த லைனில் அதிக நேரம் பிடிக்கும் வேலைதான் தீர்மானிக்கிறது. காலர் வைப்பவரிடம் கட்டு கட்டாகத் துணி தேங்கி நிற்கும்போது, அவருக்கு அடுத்து உட்கார்ந்து கைக்கு வேலை வராமல் இருப்பவரைத் திட்டி ஒரு பீஸும் கூடப் போவதில்லை. அந்த இடத்தில் இன்னொரு மெஷினைப் போடுவதோ, வேலையைப் பிரித்துக் கொடுப்பதோ சூப்பர்வைசரின் பொறுப்பு.

பெங்களூரு ஆடை ஆலைகளில் நடந்த ஆய்வுகள் இந்த இடத்தில் பயன்படும். தையல் வேலை செய்யும் பெண்களுக்குப் பேச்சுத்திறன், நேர மேலாண்மை, சிக்கல்களைத் தீர்க்கும் முறை ஆகியவற்றில் பயிற்சி அளித்தபோது, அவர்களின் உற்பத்தி உயர்ந்து, பயிற்சிக்குச் செலவிட்டதைவிடப் பல மடங்கு நிறுவனத்துக்குத் திரும்பக் கிடைத்தது. பழைய விளக்குகளை எடுத்துவிட்டு, வெப்பம் குறைவாக வெளியிடும் எல்.இ.டி. விளக்குகளைப் பொருத்திய ஆலைகளில், வெயில் கடுமையான நாள்களில் ஏற்படும் உற்பத்திச் சரிவு குறைந்தது. சம்பள உயர்வு எதிர்பார்த்த அளவு இல்லாத நேரத்தில், பெயர் வெளியிடாமல் கருத்துச் சொல்ல வாய்ப்புப் பெற்றவர்கள் வேலையை விட்டு நிற்பதுகூடக் குறைந்தது.

தனியாகப் போய்ப் பேச வேண்டாம். உங்கள் லைனில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து, எந்த இடத்தில் துணி தேங்குகிறது என்பதை நேரத்தோடு குறித்துக்கொண்டு உற்பத்தி மேலாளரைப் பாருங்கள். திட்டுவதில் பெண் என்பதால் வரும் இழிசொற்களோ பாலியல் சாடையோ இருந்தால், அது வேறு விஷயம். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த நிறுவனத்திலும் உள்புகார்க் குழு இருக்க வேண்டும் என்று, பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அந்தக் குழுவிடம் எழுத்து மூலம் புகார் கொடுங்கள், நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மாங்கூழ் ஆலை வைத்திருக்கிறோம். சீசனில் 12 மணி நேர ஷிஃப்ட் ஓட்டியும், இரவில் பழம் வீணாகிறது. அடுத்த ஆண்டு பாதிப் பேர் வேலைக்குத் திரும்பியும் வருவதில்லை. வழி என்ன?
– ஆலை உரிமையாளர், காவேரிப்பட்டணம்

பன்னிரண்டு மணி நேரம் நின்று பழம் பொறுக்கும் ஒருவரின் கண், நள்ளிரவுக்குப் பின் அழுகலையும் கனிந்ததையும் பிரித்துப் பார்க்காது. பெங்களூரா மாம்பழம் ஒரே லோடில்கூட ஒன்றுபோலக் கனியாது என்பது உங்களுக்கே தெரியும். பொறுக்கும் இடத்தில் விட்டதைப் பிறகு எந்த மெஷினாலும் சரிசெய்ய முடியாது. ஆகவே அந்த மேசைக்கு மட்டுமாவது எட்டு மணி நேர ஷிஃப்ட் வையுங்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். பகல் ஷிஃப்ட் இறங்கும்போது, எந்த அடுக்கை முதலில் ஓட்ட வேண்டும் என்பதை இரவு ஷிஃப்டுக்காரரிடம் நேரில் காட்டிவிட்டுப் போகும்படி பத்து நிமிடம் ஒதுக்குங்கள், அதற்கும் கூலி உண்டு. வாசலில் லாரிகள் வரிசை கட்டாமல் இருக்க, தோட்டக்காரர்களுக்கு நாளும் நேரமும் குறித்து டோக்கன் கொடுங்கள்.

ஆட்கள் திரும்பி வராததற்குக் காரணம் பெரும்பாலும் கடைசி வாரத்தில்தான் இருக்கும். மிகைநேர வேலைக்குச் சட்டப்படி இரட்டிப்புக் கூலி தர வேண்டும். அதைக் கணக்குப் பார்க்காமல் ஒரு தொகையைக் கையில் திணித்தும், மீதியை அடுத்த சீசனுக்குப் பாக்கி வைத்தும் அனுப்பினால் யாரும் வரமாட்டார்கள். ஆலை ஓயும் நாளன்றே, மணிக்கணக்கை எழுதிய சீட்டோடு முழுக் கூலியையும் கொடுத்துவிடுங்கள். அடுத்த ஆண்டு எந்தத் தேதி வாக்கில் கூப்பிடுவீர்கள் என்பதையும் அதே சீட்டில் எழுதிக் கொடுங்கள்.