ஊசிக்குப் பதில் விழுங்கும் ரோபோ கிடைக்குமா?

வணக்கம். அம்மா ஊசிக்குப் பயந்து இன்சுலினைத் தள்ளிப்போடுகிறார், விழுங்கும் ரோபோ எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தீர்கள். அது இன்னும் கடைக்கு வரவில்லை.

2019-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகக் குழு காட்டிய அந்த 'ரோபோ', விழுங்கக்கூடிய பட்டாணி அளவு மருந்துக் கேப்சூல். ஆமை ஓட்டைப் பார்த்துச் செய்த வடிவம். வயிற்றில் எப்படி விழுந்தாலும் தானே புரண்டு நிமிர்ந்துகொள்ளும். உள்ளே ஸ்பிரிங்கை அழுத்திப் பிடித்திருப்பது சின்னச் சர்க்கரை வில்லை. அது கரைந்ததும், உலர்த்தி இறுக்கிய இன்சுலினாலேயே ஆன முனை இரைப்பைச் சுவரில் இறங்கும். என்ன அழகான யோசனை! ஆனால் சோதித்தது பன்றிகளில்தான்.

அதற்காகக் காத்திருக்காதீர்கள். 4 மில்லிமீட்டர் ஊசி உள்ள இன்சுலின் பேனா பற்றி டாக்டரிடம் கேளுங்கள். என் அப்பாவுக்கும் இதே பயம். இப்போது அவரே போட்டுக்கொள்கிறார். அப்புறம், ஒவ்வொரு முறையும் புது ஊசி மாட்டுங்கள், மழுங்கினால் வலிக்கும்.