தீபாவளிக்குச் சென்னையில் மூன்று இரவு: காரை எங்கே விடுவது?

கேள்வி: விழுப்புரத்திலிருந்து குடும்பத்தோடு காரில் சென்னைக்கு வருகிறோம். தீபாவளி விடுமுறையில் மூன்று இரவுகள் மேற்கு மாம்பலத்தில் என் அக்கா வீட்டில் தங்குவோம். தெரு மிகவும் குறுகல். வீட்டில் ஒரு ஸ்கூட்டர் நிற்கத்தான் இடம் உண்டு. தி.நகரில் துணி எடுக்க வேண்டும். காரை எங்கே விட்டால் பத்திரமாக இருக்கும்?

பதில்: மேற்கு மாம்பலத்துக்குள் காரையே கொண்டுவராதீர்கள். மோட்டார் காப்பீட்டு இழப்பீட்டு மனுக்களைப் பார்ப்பது என் வேலை. சென்னையில் தீபாவளிக் காலத்தில் காருக்கு வரும் பல ஆபத்துகளில் திருட்டும் ஒன்று, அவ்வளவுதான். மழைநீரும் பட்டாசும் அதற்குச் சற்றும் குறைந்தவை அல்ல. பண்டிகை வருவதே வடகிழக்குப் பருவமழையின் நடுவில். மேற்கு மாம்பலத்திலிருந்து தி.நகர்ப் பக்கம் போகும் துரைசாமி சுரங்கப்பாதையும் அரங்கநாதன் சுரங்கப்பாதையும் ஒரு கனமழைக்கே மூடப்படுவதுண்டு. அப்புறம் காரைத் தி.நகர்ப் பக்கம் எடுக்க அந்த வழிகள் இருக்காது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தெருவோரக் கார்கள் மிதந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அதன் பிறகு பலத்த மழை அறிவிப்பு வந்தாலே வேளச்சேரி மக்கள் கார்களை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்துகிறார்கள். அந்தப் பயம் நியாயமானது.

ஆகவே வீட்டுக்கு எவ்வளவு பக்கம் என்று பார்க்காமல், தரையிலிருந்து எவ்வளவு உயரம், தலைக்கு மேல் கூரை உண்டா, கையில் ரசீது தருகிறார்களா என்று பாருங்கள். இந்த மூன்றும் கூடிவரும் இடம் உங்கள் வழியிலேயே இருக்கிறது. மீனம்பாக்கம் விமான நிலையத்தின் பல அடுக்கு வாகன நிறுத்தகம் 2022 டிசம்பரில் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 2,150 கார்கள் நிற்கும். அதே கட்டடத் தொகுப்பில் கடைகளும் திரையரங்கும் இருப்பதால் விமானப் பயணிகள் அல்லாதவர்களும் அங்கே வண்டி விடுகிறார்கள். இரவு பகலாகக் காவலும் கேமராவும் உண்டு. தரைத்தளத்தில் விடாமல் மேல் தளம் ஒன்றுக்கு ஏற்றிவிடுங்கள். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் விமான நிலையத்துக்குள்ளேயே புகுந்து சேவையை நிறுத்தியது. மூன்று நாள் கட்டணம் கையைக் கடிக்கும்தான். கிளம்பும் முன்பே நாள் கட்டணத்தைப் பார்த்துக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். வெள்ளத்தில் சிக்கிய காரைச் சரிசெய்யும் செலவோடு ஒப்பிட்டால் அது சிறு தொகை.

அங்கிருந்து உங்களுக்குப் பெரிய வசதி ஒன்று உண்டு. எதிரிலேயே திரிசூலம் ரயில் நிலையம். அங்கே புறநகர் ரயில் ஏறினால் நேரே மாம்பலத்தில் இறங்கலாம். மேற்குப் பக்கமாக வெளியேறினால் அக்கா வீட்டுப் பக்கம் வந்துவிடுவீர்கள். முதியவர்களும் மூட்டைகளும் அதிகமானால் மட்டும் ஒரு வாடகைக் கார் எடுத்துக்கொள்ளுங்கள். பண்டிகை நாளில் ரயில்கள் ஞாயிறு அட்டவணைப்படி குறைவாக ஓடுவது வழக்கம், அதற்கேற்பத் திட்டமிடுங்கள்.

துணி எடுக்கக் கார் தேவையே இல்லை. மாம்பலம் நிலையத்தையும் தி.நகர் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைபாதை 2023 மே மாதம் திறக்கப்பட்டது. ரங்கநாதன் தெரு நெரிசலில் சிக்காமல் நடந்துபோகலாம். பாண்டி பஜாரில் மாநகராட்சியின் பல அடுக்கு நிறுத்தகம் ஒன்று இருக்கிறது, நல்ல ஏற்பாடு. ஆனால் இருநூறு சொச்சம் கார்களுக்கே இடம். தீபாவளிக்கு முந்தைய சனி, ஞாயிறுகளில் அதை நம்பி வருவது வீண். அது கடைக்கு வந்துபோகிறவர்களுக்கானது, இரவு தங்கும் வண்டிகளுக்கானது அல்ல.

மெட்ரோ நிலைய நிறுத்துமிடங்களைச் சிலர் சொல்வார்கள். பகலுக்கு அவை அருமை. இரவு நிறுத்தும் விதி நிலையத்துக்கு நிலையம் மாறும். பலவற்றில் கூரையும் கிடையாது. கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தின் நிறுத்துமிடம் நிலத்தடியில் இருக்கிறது. மழைக்காலத்தில் நிலத்தடியில் கார் விடுவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. ‘நோ பார்க்கிங்’ பலகையின் கீழ் விட்டால் 500 ரூபாய் அபராதம், மறுமுறை 1,500. போலீஸ் இழுத்துச் சென்றால் பண்டிகை நாளில் அதை மீட்க அலைய வேண்டும்.

ஒருவேளை தனியார் நிறுத்துமிடத்திலோ ஓட்டலிலோ விட நேர்ந்தால், சாவியைக் கேட்பார்கள். கொடுக்காமல் இருப்பதே நல்லது. கொடுத்தே ஆக வேண்டும் என்றால், வண்டி எண், தேதி, நேரம் எழுதிய சீட்டை வாங்குங்கள். ‘உரிமையாளர் பொறுப்பில்’, அதாவது வண்டிக்காரரே பொறுப்பு, என்று அதில் அச்சடித்திருப்பதைக் கண்டு கலங்காதீர்கள். 1998-ல் டெல்லியில் ஒரு நட்சத்திர ஓட்டலுக்கு வந்தவர், பணியாளரிடம் சாவியைக் கொடுத்த மாருதி ஜென் காரைத் திரும்பப் பார்க்கவில்லை. அந்த வழக்கில் 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: காரை ஒப்படைக்கப் பெற்ற ஓட்டல், தன் கவனக்குறைவால் அது தொலைந்தால், சீட்டில் அச்சடித்த வாசகத்தைக் காட்டித் தப்பிக்க முடியாது. ஒப்படைத்ததற்கு ஆதாரம் அந்தச் சீட்டுதான். வாங்கிய உடனே கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், கிலோமீட்டர் எண்ணையும் சேர்த்து.

கிளம்பும் முன் காப்பீட்டுப் பத்திரத்தைப் பிரித்துப் படியுங்கள். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் திருட்டுக்கும் வெள்ளத்துக்கும் ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது. முழுமையான காப்பீடு இருந்தாலும், காருக்குள் வைத்த பட்டுப்புடவையும் மடிக்கணினியும் அதில் சேராது. மாற்றுச் சாவி விழுப்புரத்தில் பத்திரமாக இருக்கிறதா என்று பாருங்கள். திருட்டு மனுவில் இரண்டு சாவிகளையும் கேட்பார்கள். ஒன்றைக் காரிலேயே வைத்துவிட்டு, பின்னர் பணத்துக்காக மாதக்கணக்கில் போராடிய குடும்பங்களை நினைத்தால் எனக்கு வேதனையாக இருக்கிறது. ஆர்.சி. புத்தகத்தையும் காரில் விட வேண்டாம். டிஜிலாக்கரில் இருந்தால் போதும்.

இன்னொன்று, பலரும் நல்லது என்று நினைத்துச் செய்வது. திறந்த வெளியில் கார் நின்றால், தீபாவளி இரவில் துணி உறை போடாதீர்கள். ராக்கெட்டின் ஒரு பொறி விழுந்தால் வெறும் காரில் பெயின்ட் கருகும், உறை போட்ட காரில் தீ பிடித்து முழுவதும் பரவும். அரசு அனுமதிக்கும் நேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்றாலும், அதற்கு வெளியேயும் வெடிப்பது நமக்குத் தெரிந்ததே. ஈரமான நாட்களில் ஹேண்ட் பிரேக்கை மூன்று நாள் இழுத்தே வைத்தால் சில கார்களில் பிரேக் ஒட்டிக்கொள்ளும். சமதரையாக இருந்தால் முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கட்டை வையுங்கள்.

ஊருக்குத் திரும்பும் நாளில் சாவியைத் திருப்பும் முன் காரைச் சுற்றி ஒரு முறை நடந்து பாருங்கள். கதவின் அடியில் சேற்றுக் கோடு தெரிந்தாலோ, உள்ளே மிதியடி ஈரமாக இருந்தாலோ ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். தண்ணீர் புகுந்த இன்ஜினை ஓட்டிப் பழுதாக்கினால், அதற்கென்று தனிக் காப்பீடு எடுக்காதவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் பெரும்பாலும் பணம் தருவதில்லை. நின்ற இடத்திலேயே நான்கு பக்கமும் படம் எடுத்து, காப்பீட்டு நிறுவனத்துக்கு அழைத்து, இழுவை வண்டி வரும்வரை காத்திருங்கள்.