லூவனில் முதல் மழைக்காலம்: கிராஸ் சைக்கிள் ஓட்டப் போகலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். செப்டம்பரில் பெல்ஜியத்தின் லூவன் நகரத்துக்கு வந்து ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்திருக்கிறீர்கள், அக்டோபர் பாதியிலேயே வானம் இருண்டு மழை பிடித்துக்கொண்டது, அறையும் ஆய்வகமும் தவிர வேறு போக்கிடம் இல்லை. ஆய்வகத்தில் கூட இருப்பவர் ஞாயிற்றுக்கிழமை கிராஸ் ஓட்ட வா என்று கூப்பிடுகிறார், அது என்ன, ஊரில் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிள் மிதித்ததைத் தவிர வேறொன்றும் தெரியாத நான் போகலாமா, எவ்வளவு செலவாகும், அடிபட்டால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

போங்கள். முதலில் சொல்ல வேண்டியது அதுதான், மற்றதை விவரமாகச் சொல்கிறேன்.

நான் மன்னார்குடிப் பக்கம். இங்கே வந்து 14 வருடம் ஆகிறது. முதல் மூன்று வருடம், அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைத்தார்கள் என்றால் அதற்கப்புறம் மார்ச் வரை வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும், காலையில் எட்டரை ஆனாலும் விடியாது. வெயில் வரட்டும், அப்புறம் ஆட்களோடு பழகலாம் என்று தள்ளிப்போட்டேன். அந்த மூன்று வருடத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வருத்தம்தான். ஏனென்றால் இந்த ஊர்க்காரர்கள் மழை வந்தால் வீட்டுக்குள் போகிறவர்கள் இல்லை. கோடையில் அவரவர் விடுமுறைக்குப் போய்விடுவார்கள். வயலிலும் காட்டிலும் எல்லாரும் ஒன்றாகக் கூடுவது செப்டம்பரிலிருந்து பிப்ரவரி வரைக்கும்தான். அந்தக் கூட்டத்துக்குள் போக நமக்குக் கிடைக்கும் நல்ல வழிகளில் ஒன்று இந்தச் சேற்றுச் சைக்கிள்.

கிராஸ் என்று அவர் சொல்வது சைக்ளோகிராஸ். டச்சில் ஃபெல்ட்ரெய்டன், வயலில் ஓட்டுவது என்று அர்த்தம். இரண்டரையிலிருந்து மூன்றரை கிலோமீட்டர் வரை உள்ள ஒரு சுற்று. புல்வெளி, மணல், காட்டு வழி, செங்குத்தான மேடு, படிக்கட்டு எல்லாம் அதில் வரும். நடுவில் 40 சென்டிமீட்டர் உயரம் வரை இரண்டு பலகைகளைக் குறுக்கே நிறுத்தியிருப்பார்கள். இறங்கி, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு தாண்டி, ஓட்டத்தை விடாமல் மறுபடி ஏறி உட்கார வேண்டும். பெரிய வீரர்கள் ஒரு மணி நேரம் ஓட்டுவார்கள், எங்களைப் போன்றவர்களுக்குச் சுமார் 40 நிமிடம். சைக்கிள் பார்க்க ரோட்டு ரேஸ் சைக்கிள் மாதிரிதான் இருக்கும், டயர் மட்டும் பொத்தான் வைத்தது போல முட்டு முட்டாக இருக்கும். சர்வதேச விதிப்படி அதன் அகலம் 33 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. இது சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் பிறந்த விளையாட்டு, முதல் உலகச் சாம்பியன் போட்டி 1950ல் பாரிசில் நடந்தது. ஆனால் இதைத் தன் சொந்தமாக்கிக்கொண்டது பெல்ஜியத்தில் டச்சு பேசும் வடபகுதியான ஃபிளாண்டர்ஸ்தான்.

அந்த நண்பரிடம் பேச்சுக் கொடுக்க இரண்டு பெயர் தெரிந்தால் போதும். ஒருவர் வவுட் வான் ஆர்ட், ஹெரண்டால்ஸ் ஊர்க்காரர், 2016லிருந்து 2018 வரை தொடர்ந்து மூன்று முறை உலகச் சாம்பியன். இன்னொருவர் மத்யூ வான் டெர் போல், பிறந்தது பெல்ஜியத்தில், ஓட்டுவது நெதர்லாந்துக்காக. எரிக் டி ஃபிளாமிங்க் என்ற பழைய பெல்ஜிய வீரரின் ஏழு உலகப் பட்டங்களை அவர் 2025ல் எட்டிப்பிடித்தார். இருவரில் யார் பெரியவர் என்று கேட்டால் திங்கட்கிழமை காப்பி நேரம் முழுக்க அதிலேயே போய்விடும்.

ஆனால் எடுத்தவுடன் கிராஸ் பந்தயத்தில் நிற்க வேண்டாம். முதலில் மவுண்டன் பைக் எடுத்துக்கொண்டு ஞாயிறு காலை டூர்டொக்ட்டுக்குப் போங்கள். இது பந்தயம் இல்லை. ஏதாவது ஒரு கிராமத்துச் சங்கம் 25, 35, 50 கிலோமீட்டர் என்று வழி போட்டு அம்புக்குறி கட்டி வைத்திருக்கும். காலை எட்டு மணிக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, உங்கள் வேகத்துக்கு ஓட்டலாம். நான் போனவற்றில் ஐந்திலிருந்து எட்டு யூரோ வரை வாங்கினார்கள். நடுவழியில் வாழைப்பழம், ஆரஞ்சுத் துண்டு, இஞ்சி வாசனை அடிக்கும் பெப்பர்கூக் என்ற கேக், சில இடத்தில் சூடான சூப் வைத்திருப்பார்கள். நீங்கள் சைவம் என்றால் சூப்பை மட்டும் என்ன சூப் என்று கேட்டுவிட்டுக் குடியுங்கள். முடிந்த பிறகு உடனே கிளம்பிவிடாதீர்கள். சேறு காய்ந்த முகத்தோடு எல்லாரும் ஒரு மண்டபத்தில் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள், அந்த அரைமணி நேரத்துக்காகத்தான் நான் இதை இவ்வளவு வற்புறுத்துகிறேன். ஆய்வகத்தில் மூன்று வருடம் பக்கத்து மேசையில் இருந்தும் பேசாதவர், காட்டுக்குள் உங்கள் சங்கிலி அறுந்தால் நின்று சரிசெய்து கொடுத்துவிட்டு அதற்கப்புறம் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்.

எனக்கு அப்படித்தான் ஆனது. ஓட்ட ஆரம்பித்த இரண்டாவது வருடம், நவம்பர் மாதம், லூவனுக்குத் தெற்கே மேர்டால் காட்டில் ஓட்டிக்கொண்டிருந்தேன். பீச் மரத்து இலை முழுதும் கொட்டிப் பாதையே தெரியாது, இலைக்கு அடியில் ஈர வேர் குறுக்கே கிடந்தது. வேரைக் கண்டதும் முன் பிரேக்கைப் பிடித்தேன். சக்கரம் சறுக்கி விழுந்ததில் இடது மணிக்கட்டு எலும்பில் விரிசல் விட்டுவிட்டது. அன்றுதான் அறிமுகமான ஒருவர் தன் ஓட்டத்தை விட்டுவிட்டு என்னை அவசர சிகிச்சைக்குக் கூட்டிப்போய், கட்டுப் போட்டு வெளியே வரும்வரை ஈர உடையோடு அங்கேயே உட்கார்ந்திருந்தார். அடுத்த ஆறு வாரமும் வாரம் ஒருமுறை அவரும் அவர் மனைவியும் சூப் பாத்திரத்தோடு வந்தார்கள். இன்றைக்கு அவர்கள் பிள்ளைகள் என் மனைவியிடம் தோசை கேட்டு வீட்டுக்கு வருகிறார்கள்.

அதனால் அடிபட்டால் என்ன என்ற கேள்விக்கு: அடிபடும், பெரும்பாலும் சேறு மெத்தென்று வாங்கிக்கொள்ளும், ஆனாலும் தயாராக இருங்கள். வந்தவுடன் சேர வேண்டிய மருத்துவக் காப்பீட்டுச் சங்கத்தில், அதாவது மியூச்சுவாலிட்டேட்டில், சேர்ந்துவிட்டீர்களா? இல்லை என்றால் நாளைக்கே முடியுங்கள். பிறகு ஒரு சைக்கிள் சங்கத்தில் சேருங்கள். சம்மேளனத்தோடு இணைந்த சங்கமாக இருந்தால் உறுப்பினர் கட்டணத்திலேயே விபத்துக் காப்பீடு இருக்கும். அந்தக் கட்டணத்தில் ஒரு பகுதியை மியூச்சுவாலிட்டேட் பலவும் திருப்பிக் கொடுக்கும், படிவம் கேட்டு வாங்குங்கள். பந்தயத்துக்கு இறங்கும் முன்னால் குடும்ப மருத்துவரிடம் இதயத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். 40 நிமிடமும் நெஞ்சு படபடவென்று உச்சத்தில் அடித்துக்கொண்டே இருக்கும் விளையாட்டு இது.

காட்டில் குறியிட்ட பாதையை விட்டு வெளியே ஓட்டாதீர்கள். தெற்கே ஆர்டென் மலைப் பக்கம் போனால் இன்னும் கவனம்: இலையுதிர் காலம் அங்கே வேட்டைக் காலம், வேட்டை நடக்கும் நாளில் வழியை அடைத்துச் சிவப்பு அறிவிப்பு ஒட்டியிருப்பார்கள். பார்த்தால் திரும்பிவிடுங்கள், இதில் துணிச்சலுக்கு இடமில்லை.

சைக்கிள் விலை பற்றிக் கேட்டிருந்தீர்கள். நகரத்துக்குள் ஓட்ட வாடகைக்கு எடுத்திருக்கும் சைக்கிளைக் காட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். என் முதல் கிராஸ் சைக்கிள் 600 யூரோ, ஒருவர் இரண்டு சீசன் ஓட்டிவிட்டு விற்றது. டிஸ்க் பிரேக், ட்யூப்லெஸ் டயர், இரண்டும் இருந்தால் போதும், கார்பன் எல்லாம் தேவையில்லை. சேறு அதிகம் என்றால் பெரிய வீரர்கள் ஒரு சுற்றுக்கு ஒருமுறைகூடச் சைக்கிளை மாற்றுவார்கள், அழுக்கானதை உதவியாளர் பீச்சிக் கழுவித் தயாராக வைத்திருப்பார். நமக்கு ஒரே சைக்கிள்தான், சேறு அடைத்தால் கையால் தோண்டிவிட்டு ஓட்ட வேண்டும். பணத்தைக் கையுறையில் செலவழியுங்கள், இரண்டு ஜோடி வாங்குங்கள். கால் ஈரமானாலும் தாங்கும். விரல் மரத்துப்போனால் பிரேக் பிடிக்க வராது.

இனி ஓட்டுவதைப் பற்றி. போன சீசனில் ஒன்பது கிராஸ், இரண்டு மவுண்டன் பைக் பந்தயம், ஞாயிறு டூர்டொக்ட் எத்தனை என்று எண்ணவில்லை. செப்டம்பரில் தரை காய்ந்து புழுதி பறந்தது, எல்லாம் வேகம், வளைவுக்கு வளைவு பின்தங்கினேன். 38 பேரில் 33ஆவது. அக்டோபரில் கெம்பன் பக்கத்து மணல். மணலில் திருப்பப் பார்க்காதீர்கள், முன்னால் போனவர் போட்ட தடத்துக்குள் சக்கரத்தை விட்டுவிட்டு, கண்ணைத் தூரத்தில் வைத்து, மிதியை நிறுத்தாமல் போக வேண்டும். நவம்பரில் மழை கொட்டியது. ஊரில் ஐப்பசி மாதம் அடைமழை என்பார்கள், அதே நாட்கள்தான் இங்கேயும் சேறு இறுகிப் பிடிக்கும் நாட்கள். ஹாகலண்ட் பக்கம் இரும்புக் கல் மண், செம்பழுப்பாகக் குழைந்து கிடக்கும். சேற்றுழவு முடிந்த வயலில் நாற்றுக்கட்டைச் சுமந்துகொண்டு வரப்பிலிருந்து இறங்கினால் கால் எப்படிப் போகும் என்று சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும். விரலை ஊன்றி, குதிகாலை அழுத்தாமல், நிற்காமல் நடப்போமே, அதே நடைதான். சைக்கிளை வலது தோளில், பார் கம்பி தோளில் உட்காரும்படி மாட்டிக்கொண்டு அந்தச் சேற்று மேட்டில் ஓடும்போது எனக்கு முன்னால் இருந்த ஆறு பேரைத் தாண்டினேன். அன்று 19ஆவது. எனக்கு அது பெரிய நாள்.

டயரில் காற்றைக் குறையுங்கள், புதிதாக வருபவர்கள் எல்லாரும் தவறவிடுவது இதைத்தான். என் எடை 68 கிலோ, சேற்றில் காற்றழுத்தம் 23 பிஎஸ்ஐ வைப்பேன், இறுகிய தரை என்றால் கொஞ்சம் கூட. இறங்குவதையும் ஏறுவதையும் ஒரு பூங்காப் புல்லில் நடை வேகத்தில் நூறு முறை பழகுங்கள். ஓடிக்கொண்டே வலது தொடையைச் சீட்டின் மேல் வழுக்கி உட்கார வேண்டும், குதிக்கக் கூடாது. பால் என்ற கிராமத்தில் ஸ்வென் நைஸ் என்ற முன்னாள் உலகச் சாம்பியன் பெயரில் சைக்கிள் மையம் இருக்கிறது, அங்கே நிரந்தரப் பயிற்சிப் பாதை உண்டு, லூவனிலிருந்து சைக்கிளிலேயே போய்விடலாம். பந்தயம் என்று வரும்போது அமெச்சூர் சங்கங்கள் வயது வாரியாகப் பிரித்து நடத்துவதில் சேருங்கள். ஒருநாள் அனுமதி உண்டா என்று நடத்துபவரிடமே கேட்டுவிடுங்கள். காலையில் ஓட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு நான்கு இட்லி, அவ்வளவுதான் என் சாப்பாடு.

முடிந்ததும் முதலில் ஈர உடையை மாற்றுங்கள், பேச்செல்லாம் அப்புறம். வாடகை வீட்டுக் குளியலறையில் சேற்றுத் துணியை அலசாதீர்கள். அப்படிச் செய்து வடிகால் அடைத்து, வீட்டுக்காரரிடம் 140 யூரோ கட்டியிருக்கிறேன். வாளியில் அலசி, மண் படிந்த பிறகு தண்ணீரைத் தோட்டத்தில் ஊற்றுங்கள். ஷூவுக்குள் செய்தித்தாளைத் திணித்து வையுங்கள்.

பண்டிகை நாளில் தனியாக இருப்பது கஷ்டமாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். 2024ல் தீபாவளி அக்டோபர் 31, மறுநாள் நவம்பர் 1 இங்கே அரசு விடுமுறை, அன்றைக்குத்தான் மெல்டன் கிராமத்தில் கொப்பன்பெர்க் கிராஸ். 1988லிருந்து நடக்கிறது. கல் பாவிய அந்த ஏற்றத்தில் சில இடம் 22 சதவீதம் சாய்வு, சைக்கிள் ஓட்டத் தெரிந்த யாரும் வாய் பிளந்து பார்ப்பார்கள். முதல்நாள் சுட்ட முறுக்கையும் அதிரசத்தையும் டப்பாவில் போட்டுக்கொண்டு போனோம். எங்கள் சைக்கிள் சங்கத்தார் பதினோரு பேர், மழையில் வேலிக்கயிற்றை ஒட்டி நின்று, வருகிற ஒவ்வொருவருக்கும், கடைசியாக வந்தவர் வரைக்கும், அல்லே அல்லே என்று கத்தினோம். டப்பா முதல் பந்தயம் முடிவதற்குள் காலி. அடுத்த வருடம் எத்தனை டப்பா என்று அவர்களே அக்டோபர் தொடக்கத்தில் கேட்டார்கள்.

இந்த நவம்பர் 1 நாங்கள் காரில் போகிறோம், ஒரு இடம் இருக்கிறது. அதற்கு முன்னால் வரும் ஞாயிறு மேர்டாலில் 25 கிலோமீட்டர் மெதுவாக ஓட்டலாம், உங்கள் ஆய்வக நண்பரையும் கூட்டி வாருங்கள். என்னிடம் ஒரு பழைய மவுண்டன் பைக் சும்மா நிற்கிறது, உங்கள் உயரத்தை எழுதினால் சீட்டை அதற்குத் தகுந்தபடி ஏற்றி வைக்கிறேன். ஹெல்மெட்டும் மாற்றுச் சாக்ஸும் மட்டும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.