பழைய பேய்ப் படம் பயமுறுத்தவில்லையா? பிரதியை மாற்றிப் பாருங்கள்

கேள்வி: நண்பர்கள் வற்புறுத்தியதால் ‘நோஸ்ஃபெராட்டு’, ‘சைக்கோ’, ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ மூன்றையும் இணையத்தில் இலவசமாகக் கிடைத்த பிரதிகளில் பார்த்தேன். முதல் படத்தில் எல்லோரும் பொம்மைபோல ஓடுகிறார்கள். வெயில் பட்டால் அழிந்துவிடும் என்று சொல்லப்படும் காட்டேரி பட்டப்பகலில் உலாவுகிறது. இரண்டாவதன் மர்மம் முன்பே தெரியும். மூன்றாவது ஒரே மங்கல். பயத்துக்குப் பதில் சிரிப்புதான் வந்தது. குறை என்னிடமா, படங்களிடமா?

பதில்: பெரும்பகுதி குறை, நீங்கள் பார்த்த பிரதியிடமும் உங்கள் டிவி செட்டிங்ஸிடமும் இருக்கிறது. அந்தக் காலத் திகில் படங்கள் பயத்தை ஃப்ரேமின் ஓரத்திலும் இருட்டிலும் நிசப்தத்திலும்தான் ஒளித்துவைத்தன. மோசமான பிரதியில் முதலில் காணாமல் போவதும் இவைதான்.

‘நோஸ்ஃபெராட்டு’ (1922) நல்ல உதாரணம். அதன் இரவுக் காட்சிகளைப் பகல் வெளிச்சத்தில் எடுத்துவிட்டு, பிரிண்டில் நீலச் சாயம் ஏற்றினார்கள். சாயமில்லாத கறுப்பு வெள்ளைப் பிரதியில் காட்டேரி வெயிலில் நடக்கிறது; கிளைமாக்ஸே அர்த்தமற்றுப் போகிறது. எல்லோரும் பொம்மைபோல ஓடுவதற்குக் காரணம் வேகம். மௌனப் படங்கள் பல, நொடிக்கு 24 ஃப்ரேமைவிடக் குறைவாக எடுக்கப்பட்டவை. 18 ஃப்ரேமில் எடுத்ததை 24-ல் ஓட்டினால் 60 நிமிடப் படம் 45 நிமிடத்தில் முடிந்துவிடும். ‘டிராகுலா’ நாவலை அனுமதியின்றிப் படமாக்கியதற்காக நாவலாசிரியரின் மனைவி தொடுத்த வழக்கில் பிரதிகளை அழிக்கச் சொல்லி 1925-ல் தீர்ப்பானது. தப்பியவை அங்கங்கே சிதறி, நகலுக்கு நகலாகப் பெருகின. ஆகவே மூன்றைச் சரிபாருங்கள்: நீளம் சுமார் 94 நிமிடம், காட்சிக்குக் காட்சி மாறும் சாயம், படத்துக்கு முதலில் ஹான்ஸ் எர்ட்மான் அமைத்த இசையின் மறுஉருவாக்கம். ஒரு மணி நேரச் சொச்சத்தில் முடிகிற பிரதி என்றால் தொடவே வேண்டாம்.

‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ (1968) மங்கலாகத் தெரிந்ததற்கு ஒரு சட்டச் சறுக்கல் காரணம். கடைசி நேரத்தில் படத்தின் பெயரை மாற்றியபோது டைட்டில் கார்டில் இருந்த காப்புரிமை வரி விடுபட்டுப் போனது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அந்த வரி இல்லாவிட்டால் உரிமையும் இல்லை. யார் வேண்டுமானாலும் நகலெடுத்து விற்றார்கள். 2016-ல் மூல நெகட்டிவிலிருந்து சீரமைத்த பிரதியைப் பாருங்கள், அது வேறு படம் என்றே தோன்றும். பின்னாளில் கலர் பூசியவை பக்கம் போகாதீர்கள்.

அடுத்தது டிவி. ‘விவிட்’ மோடிலிருந்து ‘சினிமா’ அல்லது ‘ஃபிலிம்மேக்கர்’ மோடுக்கு மாற்றுங்கள். இல்லாத ஃப்ரேம்களை இட்டுக்கட்டி அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். எல்ஜியில் அதற்கு ‘ட்ரூமோஷன்’ என்றும் சோனியில் ‘மோஷன்ஃப்ளோ’ என்றும் பெயர். அது ஓடிக்கொண்டிருந்தால் எந்தப் பழைய படமும் சீரியல் ஷூட்டிங் போலத் தெரியும். அறை வெளிச்சத்துக்கு ஏற்பத் திரையைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் சென்சாரும் வேண்டாம். இருட்டான காட்சியில் நிறுத்திப் பிரைட்னஸைச் சரிசெய்யுங்கள்: கறுப்புக் கோட்டின் மடிப்பு மட்டும் மங்கலாகத் தெரிந்தால் போதும், மூலையில் நிற்பது யார் என்று தெளிவாகத் தெரியக் கூடாது. ‘தி இன்னசென்ட்ஸ்’ (1961) படத்தில் ஒளிப்பதிவாளர் ஃப்ரெடி ஃபிரான்சிஸ், அகலத் திரையின் இரு ஓரங்களையும் கருக்க ஃபில்டர்களில் வண்ணம் தீட்டியே பயன்படுத்தினார். நீங்கள் பிரைட்னஸைக் கூட்டினால் அந்த உழைப்பு அத்தனையும் வீண்.

திரையை நிரப்புவதற்காகப் படத்தை இழுப்பதும் ஜூம் செய்வதும் இன்னொரு பாவம். 4:3 படத்தை 16:9-க்கு இழுத்தால் முகங்களின் அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடி, நடிகர்கள் கேலிச் சித்திரமாகிவிடுவார்கள். சிரிப்பு வராமல் என்ன செய்யும்! அகலத் திரைப் படத்தை ஜூம் செய்தாலோ கிட்டத்தட்ட கால்வாசிப் படம் பக்கவாட்டில் வெட்டுப்படும். ‘ஹாலோவீன்’ (1978) படத்தில் கொலைகாரன் பல இடங்களில் நிற்பதே அந்தக் கால்வாசியில்தான். மேலும் கீழும் கறுப்புப் பட்டை வந்தால் வரட்டும். மொபைல் வேண்டவே வேண்டாம்: ‘தி இன்னசென்ட்ஸ்’ படத்தில் ஏரிக்கு அப்பால் நாணல்களுக்கு நடுவே ஓர் உருவம் சும்மா நிற்கும், உள்ளங்கைத் திரையில் அது வெறும் புள்ளி. 55 அங்குல டிவி என்றால் இரண்டு மீட்டர் அளவில் உட்காருங்கள்.

ஒலியில் ‘நைட் மோட்’, ‘ஆட்டோ வால்யூம்’ இரண்டையும் நிறுத்திவிடுங்கள். இவை மெல்லிய சத்தத்தைத் தூக்கி, பெரிய சத்தத்தை அமுக்கி, எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடும். ‘கேட் பீப்பிள்’ (1942) படத்தில் ஒரு பெண் இரவில் தனியாக நடக்கிறாள். பின்னால் கேட்ட காலடிச் சத்தம் நின்றுபோகிறது. அந்த அமைதியைக் கிழித்துக்கொண்டு சீறி வந்து நிற்பது ஒரு பஸ். அதற்கு முந்தைய சில நொடிகள் உண்மையிலேயே அமைதியாக இல்லாவிட்டால் அந்தக் காட்சியில் ஒன்றுமில்லை. சாதாரண உரையாடல் சிரமமின்றிக் கேட்கும் அளவில் வால்யூமை வைத்தபின் ரிமோட்டைத் தொடாதீர்கள்.

‘சைக்கோ’ (1960) வேறு விஷயம். அதில் மர்மம் தெரிந்தவர்களுக்கும் வேலை இருக்கிறது. கொலைக்குப் பின், விடுதி நடத்தும் நார்மன் காரைச் சதுப்புக்குள் தள்ளும் காட்சியைத் திரும்பப் பாருங்கள். பாதி மூழ்கிய கார் சட்டென்று நின்றுவிடும். ‘ஐயோ, மூழ்க வேண்டுமே’ என்று உங்கள் மனம் பதறினால், இயக்குநர் ஹிட்ச்காக் உங்களைக் கட்சி மாற்றிவிட்டார் என்று அர்த்தம். முடிவைவிட இந்த இடம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

நீளம் பார்க்கும் பழக்கம் மற்ற படங்களுக்கும் உதவும். ‘தி ஷைனிங்’ (1980) 144 நிமிடத்திலும் 119 நிமிடத்திலும் உண்டு. நீளமானதை எடுங்கள், கதை நடக்கும் ஓட்டலின் வெறுமை ஊற அவகாசம் வேண்டும். ‘தி எக்ஸார்சிஸ்ட்’ (1973) என்றால் நேர்மாறு: 2000-ல் காட்சிகள் சேர்த்த 132 நிமிடப் பதிப்பைவிட, முதலில் வெளியான 122 நிமிடப் பதிப்பு கச்சிதம்.

73 நிமிடமே ஓடும் ‘கேட் பீப்பிள்’ தொடங்க ஏற்றது. பிறகு ‘தி இன்னசென்ட்ஸ்’, ‘ஹாலோவீன்’. நண்பர்கள் அடுத்து ‘இரேசர்ஹெட்’டை (1977) நீட்டுவார்கள். அதைக் கூட்டமாக உட்கார்ந்து பார்க்காதீர்கள், யாராவது கிண்டலடித்தே கெடுத்துவிடுவார்கள். தனியாக, நல்ல ஹெட்போனோடு பாருங்கள்: விடாமல் ரீங்கரிக்கும் அந்த இயந்திர இரைச்சல்தான் பாதிப் படம்.