தினமும் கட்டு மாற்றியும் பாதப் புண் ஏன் ஆறவில்லை?

"அப்பாவுக்கு 62 வயது. சர்க்கரை நோய் வந்து 14 வருடம். வலது பெருவிரலுக்குக் கீழே, உள்ளங்காலில் ஒரு ரூபாய் நாணய அளவில் புண். சுற்றிலும் தோல் தடித்து வெளுத்திருக்கிறது. இரண்டு மாதமாகத் தினமும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றிக் கழுவி, மருந்து வைத்துக் கட்டுகிறோம். வலியே இல்லை என்று கடைக்கும் கோயிலுக்கும் போய் வருகிறார். சர்க்கரையும் இப்போது கட்டுக்குள்தான் இருக்கிறது. ஏன் ஆறவில்லை?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

வலியே இல்லை என்ற வரியில்தான் பதில் இருக்கிறது. பல வருடச் சர்க்கரையால் பாதத்து நரம்புகள் மரத்துப்போய்விட்டன. உணர்ச்சியுள்ள காலில் இப்படி ஒரு புண் இருந்தால் யாராலும் காலை ஊன்ற முடியாது, நொண்டித்தான் நடப்பார்கள். அந்த நொண்டல்தான் புண்ணைக் காப்பாற்றுகிறது. உங்கள் அப்பா சாதாரணமாக நடக்கிறார். ஒரு நாளைக்கு 4,000 அடி நடந்தால், புண்ணின் மேல் 2,000 முறை உடல் எடை இறங்குகிறது. இரவில் வளரும் புதுச் சதை பகலில் நசுங்கிப்போகிறது. மேலே எந்த மருந்தைப் போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது.

இதை உலகுக்குப் புரியவைத்ததில் நம் ஊர் தொழுநோய் மருத்துவத்துக்குப் பெரிய பங்கு உண்டு. கொல்லிமலையில் பிறந்து, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் சதை தானாக அழுகுவதில்லை, வலி தெரியாமல் அடிபட்டுத்தான் சிதைகிறது என்று காட்டினார். அவர்களின் பாதப் புண்ணுக்கு மாவுக்கட்டுப் போட்ட அதே முறைதான் பிறகு சர்க்கரை நோயாளிகளுக்கும் வந்தது.

உள்ளங்கால் முன்பகுதிப் புண்ணுக்கு இன்றும் அதுவே முதல் சிகிச்சை. முழங்காலுக்குக் கீழ் வரை, காலோடு ஒட்டி, எடை முழுப் பாதத்துக்கும் கெண்டைக்காலுக்கும் பரவும்படி போடப்படும் கட்டு அது. எலும்பு முறிவுக்குப் போடும் கட்டும் இதுவும் ஒன்றல்ல. பழகியவர்தான் போட வேண்டும், இல்லையென்றால் கட்டே புதுப் புண்ணை உண்டாக்கும். வீக்கம் வடிந்து தளர்ந்துவிடும் என்பதால் முதல் கட்டைச் சில நாட்களிலேயே மாற்றுவார்கள், அதன்பிறகு வாரம் ஒரு முறை. கழற்றி மாட்டும் பூட்ஸ் போன்ற சாதனமும் கிடைக்கும். ஆனால் வீட்டுக்குள் வந்ததும் அதைக் கழற்றிவிடுவார்கள், ராத்திரி பாத்ரூமுக்கு வெறுங்காலோடு போவார்கள். கழற்ற முடியாத கட்டு ஜெயிப்பதற்கு அதுதான் காரணம். அது கிடைக்கும் வரை வாக்கர் வைத்துக்கொண்டு அவசியத்துக்கு மட்டும் நடக்கட்டும். இந்திய முறைக் கழிப்பறையில் குந்தும்போது முன்பாதம் நன்றாக அழுந்தும். வெஸ்டர்ன் இல்லையென்றால் கமோடு நாற்காலி ஒன்று வாங்கிப் போடுங்கள்.

கட்டுப் போடும் முன் இரண்டைப் பார்த்தாக வேண்டும். ஒன்று, ரத்த ஓட்டம். டாப்ளர் கருவியால் கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தோடு ஒப்பிடுவார்கள். விகிதம் 0.9-க்குக் கீழே இருந்தால் ரத்தக்குழாய் அடைப்பு. 1.3-க்கு மேலே வந்தால் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். சர்க்கரை நோயில் ரத்தக்குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து இறுகுவதால் எண் பொய்யாக ஏறும், அப்போது கால்விரல் அழுத்தத்தை அளக்க வேண்டும். ஓட்டம் மோசமாக இருந்தால் ரத்தக்குழாய் நிபுணரைப் பார்த்துவிட்டுத்தான் மற்றது.

இரண்டாவது, எலும்பு. இரண்டு மாதப் புண் என்பதால் இதைக் கேட்டு வாங்கிச் செய்துகொள்ளுங்கள். முனை மழுங்கிய உலோகக் குச்சியைப் புண்ணுக்குள் விட்டுப் பார்ப்பார்கள். கடினமாகத் தட்டுப்பட்டால் எலும்பில் கிருமி இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். எக்ஸ்ரேயில் மாற்றம் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும். ஆகவே முதல் படம் சுத்தமாக இருந்தாலும் மறுபடி எடுக்கச் சொல்வார்கள். கிருமிப் பரிசோதனைக்குப் புண்ணின் மேலே பஞ்சால் துடைத்து அனுப்புவதில் பெரிய பயனில்லை, தோலில் எப்போதும் இருக்கும் கிருமிகள்தான் வளரும். சுத்தம் செய்தபின் அடிச்சதையிலிருந்து எடுக்கும் துணுக்குதான் பேசும். சிவப்பு, சூடு, வீக்கம், சீழ் எதுவும் இல்லாத புண்ணுக்கு ஆன்டிபயாடிக் மாத்திரை தேவையில்லை.

சுற்றிலும் வெளுத்திருக்கும் தடித்த தோல் காய்ப்பு. செருப்புக்குள் கூழாங்கல் கிடப்பது போல அது புண்ணை அழுத்தும். அடியில் புண் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதையும் மறைக்கும். மருத்துவர் கத்தியால் சீவி எடுத்ததும் புண் பெரிதானது போலத் தெரியும், பயப்பட வேண்டாம், உண்மையான அளவு அதுதான். இதை வீட்டில் பிளேடால் செய்யவே கூடாது. கடையில் விற்கும் ஆணி பிளாஸ்திரியும் வேண்டாம். அதிலுள்ள அமிலம் மரத்த காலில் நல்ல தோலையும் சேர்த்து அரிக்கும்.

ஹைட்ரஜன் பெராக்சைடை இன்றோடு நிறுத்துங்கள். நுரை பொங்குவதைப் பார்த்தால் அழுக்கு வெளியேறுவது போலிருக்கும், ஆனால் வளர்கிற புதுச் செல்களும் அதில் சாகின்றன. டெட்டால், ஸ்பிரிட், மஞ்சள் தூள், காபித்தூள் எல்லாவற்றுக்கும் இதே பதில். மருந்துக்கடையில் கிடைக்கும் நார்மல் சலைனால் கழுவி, சுற்றியுள்ள தோலை ஒற்றி உலர்த்தி, புண் காயாமலும் சொதசொதவென்று ஊறாமலும் இருக்கும்படி காஸ் துணி வைத்துக் கட்டினால் போதும். வாரம் ஒரு முறை பக்கத்தில் அளவுகோல் வைத்து ஒரே தூரத்திலிருந்து படம் எடுத்து வையுங்கள். பாரத்தை இறக்கி நான்கு வாரத்தில் புண்ணின் பரப்பு பாதியாகக் குறையாவிட்டால், ரத்த ஓட்டத்தையும் எலும்பையும் திரும்பப் பார்க்க வேண்டும்.

சர்க்கரை கட்டுக்குள் என்றால் எந்தச் சர்க்கரை? வெறும் வயிற்றில் ஒரு நாள் பார்த்ததா, மூன்று மாதச் சராசரியா? அந்தச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி ரத்தப் பரிசோதனை எடுங்கள். இதுவரை சரியாக இருந்த சர்க்கரை திடீரென்று ஏறினால் புண்ணில் கிருமி சேர்ந்திருக்கலாம்.

சில அறிகுறிகளுக்குக் காலை வரை காத்திருக்காதீர்கள். புண்ணைச் சுற்றி 2 செ.மீ.-க்கு மேல் சிவப்பு, துர்நாற்றம், விரல் நீலமாகவோ கறுப்பாகவோ மாறுவது, தொடை இடுக்கில் நெறிகட்டுவது, குளிர்காய்ச்சல் என்றால் அன்றே மருத்துவமனை. வலி இல்லாததால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். புண்ணே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தாலும் காலை ஊன்றாமல் போய்க் காட்டுங்கள், உள்ளே எலும்புகள் நொறுங்கிக்கொண்டிருக்கலாம்.

புண் மூடியபிறகுதான் பலர் ஏமாறுகிறார்கள். ஆறியவர்களில் ஏறத்தாழ 100-க்கு 40 பேருக்கு ஓராண்டுக்குள் புண் திரும்ப வருகிறது, பெரும்பாலும் பழைய செருப்புக்கே போவதால். ஹவாய் செருப்பின் வார் விரலிடுக்கை அறுக்கும், மரத்த காலிலிருந்து கழன்று விழுந்தாலும் தெரியாது. பின்வார் வைத்த எம்.சி.ஆர். (மெத்தென்ற மைக்ரோ செல்லுலர் ரப்பர்) செருப்பை, கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் அளவு கொடுத்து வாங்குங்கள். தாளில் பாதத்தை வரைந்து வெட்டிச் செருப்புக்குள் வைத்தால், மடங்காமல், முன்னால் 1 முதல் 2 செ.மீ. இடம் மிஞ்ச வேண்டும். வீட்டுக்குள்ளும் செருப்புதான். தினமும் இரவில் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் நீங்களே பாருங்கள், அவரிடம் கேட்டால் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார். தேங்காய் எண்ணெய் தடவலாம், விரலிடுக்கில் மட்டும் வேண்டாம். சம்மணம் போட்டு உட்காரும் பழக்கம் இருந்தால் வெளிக்கணுக்காலில் தோல் கறுத்திருக்கிறதா என்றும் பாருங்கள். புண் ஆறியபின் கோயிலுக்குப் போக வேண்டுமென்றால், கல் சுடாத காலை நேரத்தில், தடித்த வெள்ளைக் காலுறையோடு போகட்டும். காலுறையில் கறை பட்டால் வெள்ளையில் உடனே தெரியும்.