வாசகர் கேள்வி பதில்: வன்னியில் தோல் பதனிடலாமா?

கேள்வி: எங்கள் பகுதியில் அறுக்கப்படும் மாடுகளின் தோல் அற்ப விலைக்கு வெளியூர் வியாபாரிகளிடம் போகிறது, சில வேளைகளில் குழி வெட்டிப் புதைக்கப்படுகிறது. கிளிநொச்சியில் சிறிய பதனிடும் சாலை ஒன்றைத் தொடங்கினால் இளைஞர்களுக்கு வேலை கிடைக்காதா? இதற்கான ஆராய்ச்சி உதவி எங்கே உண்டு?
(வாசகர், பரந்தன்)

பதில்: வேலை கிடைக்கும். ஆயினும், தொடக்கமே பதனிடும் சாலையாக இருப்பது எனக்கு உடன்பாடில்லை. ஒரு கிலோ பச்சைத் தோலைப் பதனிட வழமையான முறையில் 30 முதல் 40 லீற்றர் வரை தண்ணீர் செலவாகிறது. அது உப்பு, சுண்ணாம்பு, சல்பைட்டு, குரோமியம் ஆகியவற்றைச் சுமந்துகொண்டே வெளியேறுகிறது. தோலைப் பதப்படுத்த இடுகின்ற குரோமிய உப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைத்தான் தோல் உறிஞ்சும். தமிழ்நாட்டின் தோல் சாலைகள் தொடர்பாக இந்திய உச்ச நீதிமன்றம் 1996இல் வழங்கிய தீர்ப்பில், திண்டுக்கல் பகுதியின் 13 கிராமங்களில் ஆராயப்பட்ட 467 கிணறுகளுள் 350 மாசடைந்திருந்தன என்ற கணக்கு எடுத்துக்காட்டப்பட்டுள்ளது. குளத்தையும் கிணற்றையும் நம்பி வயலும் தோட்டமும் செய்யும் நாம் அந்தக் கணக்கை ஒருமுறைக்கு இருமுறை வாசிக்க வேண்டும். இலங்கையில் இத்தொழிலுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் கட்டாயம் என்பதும், கழிவுநீரைச் சுத்திகரிக்கும் செலவைச் சிறிய முதலீடு தாங்காது என்பதும் மேலதிகமான தடைகள்.

ஆராய்ச்சி என்றால் முதலில் நினைவுக்கு வருவது, 1948இல் சென்னை அடையாற்றில் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம். நாயுடம்மா அதன் இயக்குநராக இருந்த காலத்தில், ஆய்வுகூடத்தில் கண்டறிந்தவை பதனிடும் சாலைக்குள்ளும் சிற்றூர்க் கைவினைஞரிடமும் போய்ச் சேர வேண்டும் என்ற நோக்கு அங்கே வேரூன்றியது. சுண்ணாம்புக்கும் சல்பைட்டுக்கும் பதிலாக நொதியங்களைக் கொண்டு மயிர் நீக்குதல், தண்ணீர் சேர்க்காமலே குரோமியம் ஏற்றுதல் என அண்மைக் காலத்தில் அது செய்துவரும் ஆய்வுகளுட் பல, நான் மேலே சொன்ன கழிவைக் குறைப்பதையே குறியாகக் கொண்டவை. இந்நாட்டில், நீரையும் இரசாயனப் பொருள்களையும் பரிசோதிப்பதற்குக் கொழும்பிலுள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகத்தை அணுகலாம்.

வன்னியில் உடனே செய்யக்கூடியது வேறு. தோலின் பெறுமதி பாதிக்கு மேல் பட்டியிலும் கொல்களத்திலுமே தீர்மானமாகிறது. விலை கூடிய தோல் முதுகிலிருந்தும் பின்புறத்திலிருந்துமே கிடைக்கிறது. நாமோ அந்த இடத்தில்தான் பெரிதாகக் குறி சுடுகிறோம்! குறியைக் காலின் கீழ்ப்பகுதிக்கு மாற்றினாலே நட்டம் குறையும். உண்ணிக் கடியும், உரிக்கும்போது விழும் கத்திக் கீறலும் பதனிட்ட பின்னரே பளிச்சென்று தெரியும். அப்போது செய்வதற்கு ஒன்றுமில்லை. உரித்த தோலை நம் வெயிலில் சில மணி நேரம் சும்மா போட்டு வைத்தாலே அழுகல் தொடங்கிவிடுவதால், இரத்தத்தைக் கழுவி நீரை வடியவிட்டு, அதன் எடையில் ஏறத்தாழ 40 வீதம் உப்பை இறைச்சிப் பக்கம் முழுவதும் தேய்த்து, நிழலில் அடுக்க வேண்டும். ஆனையிறவிலும் மன்னாரிலும் உப்பளங்களை வைத்துக்கொண்டு உப்புக்கு அலைய வேண்டியதில்லை. வடியும் உப்புநீர் மட்டும் கிணற்றடிக்குப் போகாதபடி சீமெந்துத் தளமும் தொட்டியும் அமைக்கப்பட வேண்டும். இப்படிச் சேர்க்கும் தோலைச் சுத்திகரிப்பு வசதியுள்ள சாலைக்கு விற்று, பதனிட்ட தோலை வாங்கிச் செருப்பும் பையும் இடுப்புப்பட்டியும் தைப்பதே கூட்டுறவுச் சங்கம் ஒன்றுக்குப் பொருத்தமான தொழில் என்பது என் கருத்து.

கேள்வி: ஆவாரம்பட்டையால் பதனிட்டால் மாசு ஏற்படாது என்கிறார்களே?
(வாசகி, முழங்காவில்)

பதில்: குரோமியம் இராது, அவ்வளவுதான். ஊறவைக்கும்போது கழன்று வரும் உப்பும், மயிர் நீக்கும் சுண்ணாம்பும் அப்படியே இருக்கும். பட்டைச் சாற்றின் கழிவும் நீரிலுள்ள ஒட்சிசனை உறிஞ்சிவிடும். ஆவாரையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட தோல் ஒரு காலத்தில் சென்னைத் துறைமுகம் வழியாக இங்கிலாந்துக்குப் பெருமளவில் ஏற்றுமதியானது உண்மையே. இடுப்புப்பட்டிக்கும் செருப்பின் அடித்தோலுக்கும் அது மிகவும் உகந்தது. ஆனால், குரோமியத் தோல் கொதிநீரையும் தாங்கும். பட்டைத் தோல் அதற்கு முன்பே சுருங்கிவிடும். வேலை முடிய வாரக்கணக்காகும். பட்டைக்காகச் செடிகளை வெட்டத் தொடங்கினால், நம் பற்றைக்காடுகளில் ஆவாரை எத்தனை காலம் மிஞ்சும் என்பதையும் எண்ண வேண்டும்.

கேள்வி: பறைக்குக் கட்டும் தோலும் பதனிட்டதுதானா?
(மாணவர், நெடுங்கேணி)

பதில்: இல்லை. மயிர் நீக்கி, இழுத்துக் கட்டி உலர்த்திய பச்சைத் தோலே அது. பதனிட்ட தோல் மெதுமையாக இருப்பதால் அந்த ஒலியைத் தராது. பச்சைத் தோல் காற்றின் ஈரத்தை வாங்கித் தளர்வதனாலேயே பறையை அடிக்கும் முன் தீயில் காய்ச்சுகிறார்கள்.