முதலில் கேஸ் ஷீட்டை வாங்குங்கள்: மருத்துவமனையும் சட்டமும், கேள்வி பதில்

வணக்கம். 17 ஆண்டுகளாக நுகர்வோர் ஆணையத்தில் மருத்துவ வழக்குகளை நடத்தி வருகிறேன். இந்த வாரம் வந்த கேள்விகளுக்கு என்னால் முடிந்த அளவு பதில் சொல்கிறேன்.

கேள்வி (திருநெல்வேலி): சார், அம்மாவுக்குத் தனியார் மருத்துவமனையில் பித்தப்பைக் கல் ஆபரேஷன் நடந்தது. மூன்றாம் நாள் இறந்துவிட்டார். கேஸ் ஷீட் (சிகிச்சைப் பதிவுகள்) கேட்டால் "கோர்ட் ஆர்டர் கொண்டு வாங்க" என்கிறார்கள்.

பதில்: அம்மாவின் மறைவுக்கு என் வருத்தங்கள். கோர்ட் ஆர்டர் தேவையில்லை. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதிகளின்படி, நோயாளியோ அவர் சார்பில் உரியவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். உள்நோயாளி ஆவணங்களை 3 ஆண்டுகள் வைத்திருப்பதும் கட்டாயம்.

வாயால் கேட்டால் வாயாலேயே மறுத்துவிடுவார்கள். அதனால் எழுதிக் கொடுங்கள். பெயர், ஐ.பி. (உள்நோயாளி) எண், சேர்த்த தேதி போட்டு, வேண்டியவற்றைத் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள்: டாக்டர் குறிப்புகள், நர்ஸ் நோட்ஸ், மயக்க மருந்துப் பதிவு, மருந்து சார்ட், ஸ்கேன், சம்மதப் படிவம். இறப்புச் சான்றின் நகலையும் நீங்கள் மகன் என்பதற்கான சான்றையும் இணையுங்கள். கொடுத்ததற்குச் சீல் போட்டு வாங்குங்கள். சீல் போட மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள்.

நர்ஸ் நோட்ஸை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் நடத்திய ஒரு வழக்கில் டிஸ்சார்ஜ் சம்மரி பழுதில்லாமல் இருந்தது. நர்ஸ் நோட்ஸில்தான் இரவு 11 மணிக்கே நாடித்துடிப்பு ஏறியதும், டாக்டருக்குப் போன் போட்டதும், காலை வரை அவர் வராததும் இருந்தன. அந்த இரண்டு பக்கங்களில்தான் வழக்கே நின்றது.

அதே வாசகர்: டாக்டர் மேல் போலீசில் புகார் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கலாம். ஆனால் ஆவணங்களை வேறொரு அறுவை மருத்துவரிடம் காட்டிக் கருத்துக் கேட்கும் வரை பொறுங்கள். நோயாளி இறந்தார் என்பதாலேயே அது கவனக்குறைவு ஆகிவிடாது. ஜேக்கப் மேத்யூ வழக்கில் (2005) உச்ச நீதிமன்றம், குற்ற வழக்குக்குச் சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிகக் கடுமையானதாக இருக்க வேண்டும் என்றது. சார்பற்ற மருத்துவரின் கருத்தைப் பெற்ற பிறகே விசாரணை அதிகாரி நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் சொன்னது. இழப்பீடு கேட்க நுகர்வோர் ஆணையமே நேர்வழி. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 2 ஆண்டுக்குள் போட வேண்டும். மருத்துவமனைக்குக் கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணமே கிடையாது.

கேள்வி (தருமபுரி): அரசு மருத்துவமனை என்றால்?

பதில்: எல்லோருக்கும் முழுக்க இலவசமாகச் சிகிச்சை தரும் இடங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. இது 1995-இல் வி.பி. சாந்தா வழக்கில் முடிவானது. அதற்காக வழி அடைபட்டுவிடவில்லை. உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்கலாம், உயர் நீதிமன்றத்தில் அரசுக்கு எதிராக ரிட் மனுவும் போடலாம்.

கேள்வி (காரைக்குடி, பெயர் வேண்டாம்): வயிற்று வலிக்கு லேப்ராஸ்கோபி (சிறு துளை வழியாகக் கேமரா விட்டுப் பார்ப்பது) பார்க்கத்தான் கையெழுத்துப் போட்டேன். மயக்கத்தில் இருக்கும்போது கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். கணவரிடம் கையெழுத்து வாங்கினார்களாம். எல்லோரும் "நல்லதுக்குத்தானே" என்கிறார்கள், சார்.

பதில்: அம்மா, உங்கள் மனம் ஆறாமல் இருப்பதில் தவறே இல்லை. உங்கள் உடம்புக்குச் சம்மதம் சொல்ல வேண்டியவர் நீங்கள். கிட்டத்தட்ட இதேபோல் நடந்ததுதான் சமீரா கோலி வழக்கு. பரிசோதனைக்காக மயக்கம் கொடுக்கப்பட்டவரின் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும், வெளியில் இருந்த தாயிடம் சம்மதம் வாங்கி எடுத்துவிட்டார்கள். 2008-இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. பரிசோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்கான சம்மதம் ஆகாது. நோயாளி தெளிந்து எழும்வரை காத்திருக்க முடியுமென்றால் காத்திருக்கத்தான் வேண்டும். உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தால் மட்டுமே விலக்கு.

உங்கள் விஷயத்தில் அப்படி ஓர் ஆபத்து இருந்ததா என்பதை அறுவைக் குறிப்பும் திசுப் பரிசோதனை அறிக்கையும் சொல்லும். அவை இரண்டையும் உடனே எழுதிக் கேளுங்கள். வெறுமனே "எந்தச் சிகிச்சைக்கும் சம்மதம்" என்று அச்சடித்த படிவத்தை அவர்கள் காட்டினால் அதைக் கண்டு தயங்க வேண்டாம்.

கேள்வி (விழுப்புரம்): விபத்தில் அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு போனால் நம்மைத்தான் இழுக்கிறார்கள். முன்பணமும் கேட்கிறார்கள்.

பதில்: இழுக்க முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ பிரிவு உதவியவரைக் காக்கிறது. பெயர் சொல்லவும் கட்டாயமில்லை. போலீஸ் கேஸ் என்று சொல்லி அடிபட்டவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று 1989-லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது. அந்த வழக்கில், ஸ்கூட்டரில் வந்து அடிபட்ட ஒருவரை, சட்டம் சார்ந்த கேஸ்களைப் பார்க்க அனுமதியில்லை என்று 20 கிலோமீட்டருக்கு அப்பால் அனுப்பினார்கள். அவர் வழியிலேயே இறந்துபோனார். பணத்தைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டில் நடந்த விபத்து என்றால் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம் இருக்கிறது. திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையா என்று 108 ஊழியரிடமே கேளுங்கள்.

கேள்வி (கோவை): 6 வருடமாகத் தவறாமல் பிரீமியம் கட்டுகிறோம். அப்பாவுக்கு பிபி இருந்ததைச் சொல்லவில்லை என்று கிளெய்மை மறுத்துவிட்டார்கள்.

பதில்: 2024-இல் வந்த காப்பீட்டு ஒழுங்குமுறைப்படி, இடைவிடாமல் 60 மாதம் கடந்த பாலிசியில் மோசடியை நிரூபித்தால் தவிர, சொல்லவில்லை என்ற காரணம் காட்டி மறுக்க முடியாது. இதைக் குறிப்பிட்டு நிறுவனத்துக்கு எழுதுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் சென்னை காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) போங்கள். அங்கே கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். நீங்களே பேசலாம்.

கேள்வி (தஞ்சாவூர், 71 வயது): எனக்கு வென்டிலேட்டர் போட்டு இழுத்தடிக்க வேண்டாம் என்று இப்போதே எழுதி வைக்கலாமா?

பதில்: வைக்கலாம், ஐயா. 2018-இல் உச்ச நீதிமன்றம் இதற்கு அனுமதி தந்தது. 2023-இல் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியிடம் சான்று வாங்கினால் போதும். மீளவே முடியாத நிலை வந்தால் இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்துத்தான் முடிவெடுக்கும். உங்கள் சார்பில் பேசப்போகிறவர் யார் என்று அதிலேயே பெயர் எழுதி, அவரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். ஒரு நகலை அவரிடமும், ஒன்றைக் குடும்ப டாக்டரிடமும் கொடுங்கள். பீரோவில் மட்டும் வைத்தால் ஐ.சி.யூ. வாசலில் யாருக்கும் அது கிடைக்காது.